பூஜையன்று மாற்றிய பேட்டரி

போன வெள்ளிக்கிழமை காலை இரண்டாம் நம்பர் மெஷினின் திரையில் பேட்டரி எச்சரிக்கை மின்னிக்கொண்டிருந்தது, வே. மூலையில் சின்னதாகச் சிவப்பெழுத்து. அக்கறை இல்லாதவன் கண்ணில் படாது. ரேவதி கண்ணில் பட்டுவிட்டது. முக்கூடலிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், டிப்ளமா படித்தவள், நாலு மாதமாக நம் பட்டறையில் காலை ஷிப்ட் அவள் பொறுப்பு. புதுப் பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அண்ணாச்சி, மெஷின் ஆன்ல இருக்கையிலயே மாத்திருதேன்" என்றாள். சரி என்றேன். அதோடு போயிருக்கலாம். சிரித்துக்கொண்டே உம் பெயரைச் சொல்லி, "அந்த அண்ணாச்சி கணக்கா ஆயிரக் கூடாதுல்லா" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவள் உம்மைப் பார்த்ததே கிடையாது. நீர் போய் ஒரு வருஷமும் சில மாதமும் ஆகிறது. நீர் கடைந்த ஒரு துண்டு இரும்பைக்கூட அவள் கையில் வாங்கியதில்லை. ஆனால் உம் பெயர் தெரிந்திருக்கிறது. கரண்டை அணைத்துவிட்டு பேட்டரியை மாற்றி, கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷினின் நினைவு முழுவதையும் அழித்த லேத்துக்காரர் என்று தெரிந்திருக்கிறது. பேட்டை தொழிற்பேட்டையில் எந்தப் பட்டறையில் மெஷின் நினைவு இழந்தாலும் அதற்கு உம் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். "அங்கன என்ன, மெஷின் நிக்கி?" என்று ஒருவன் கேட்பான். இன்னொருவன் உம் பெயரை மட்டும் சொல்வான். ரெண்டு பேரும் சிரிப்பார்கள்.

இருபது வருஷமாக அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நானும் கூட நின்றிருக்கிறேன். வெள்ளிக்கிழமை என்னவோ முடியவில்லை. நேற்றுப் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கிற ஒருத்தி வாயிலும் அது வந்துவிட்டதே என்று வெட்கமாகப் போயிற்று. அதனால்தான் இந்தக் கடிதம். உமக்குத் தெரியாதது இதில் அதிகம் இல்லை. நடந்தது நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வெள்ளியும் சனியும் நான் என்ன செய்தேன் என்பதுதான் உமக்குத் தெரியாது.

கைவேலைக்காரர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் மெஷினைக் கண்டு நடுங்கினார்கள் என்று இப்போது மேடை போட்டுப் பேசுகிறார்கள். நம் பட்டறையில் நடுங்கியது நான்தான். படித்தவன், கோயம்புத்தூரில் ஆறு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவன், பாட்டன் நிலம் வைத்திருந்தான் என்று இன்னும் பேச்சில் காட்டிக்கொள்கிறவன். நீர் ஐ.டி.ஐ. முடித்து நூல் ஆலையின் பழுதுபார்க்கும் பிரிவில் லேத் ஓட்டியவர். எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தோம் என்பதைத் தவிர நாம் கூட்டுச் சேர வேறு காரணம் இருக்கவில்லை. இரண்டு பழைய லேத்தை வைத்துக்கொண்டு அம்பாசமுத்திரத்து அரிசி மில்களுக்குத் தண்டும், தண்டைத் தாங்குகிற வளையமான புஷ்ஷும் கடைந்து கொடுத்தோம். வேலை ஓடியது. அப்படியே ஓடட்டும் என்று இருந்தேன் நான்.

சி.என்.சி. வாங்க வேண்டும் என்று முதலில் சொன்னது நீர். குறுக்குத்துறை ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்று, காலை எட்டு மணிக்கு, திருநீறு காயும் முன்னால் சொன்னீர். நான் பட்டியல் போட்டேன்: கரண்ட் ஒழுங்காக வராது, கெட்டால் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரவேண்டும், உம்முடைய கைவேலைக்கு மதிப்புப் போய்விடும். கடைசியாகச் சொன்னது உம்மைக் குளிர்விக்க. நீர் குளிரவில்லை.

"ஐந்நூறு புஷ்ஷ ஒண்ணு போல கடையுதது கைவேலை இல்லவே, தண்டனை. அத மெஷினு செய்யட்டும். மெஷினால ஆகாததுன்னு ஒண்ணு வரும்லா, அதுக்கு நான் இருக்கேன்."

ஐந்நூறு புஷ்ஷை ஒரு நாளும் கடைந்து பார்க்காத நான் கைவேலையின் பெருமை பேசினேன். கடைந்த நீர் வேண்டாம் என்றீர். பிறகு வாங்காமல் எப்படி?

கோயம்புத்தூருக்குப் பழைய மெஷின் ஒன்றைப் பார்க்கப் போனோம். விற்பவருடைய இன்ஜினியர் திரையில் இதையும் அதையும் காட்டிக்கொண்டே இருந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நீர் திரைப்பக்கமே வரவில்லை. இரும்பைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலைச் சுற்றவிடச் சொல்லி, பெரிய ஸ்க்ரூடிரைவரின் நுனியை இரும்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்து நின்றீர். அந்த இன்ஜினியர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நீர் ஸ்க்ரூடிரைவரை இறக்கிவிட்டு, "முன் பேரிங் நல்லாருக்கு. பின்னால உள்ளது சத்தம் போடுது" என்றீர். கழற்றிப் பார்த்தார்கள். பின் பேரிங்கை மாற்றித்தான் தந்தார்கள். இதை எல்லாம் யாரும் கதையாகச் சொல்வதில்லை, வே.

மெஷின் வந்தது. வாசல் சுவரை இடித்துத்தான் உள்ளே இறக்க முடிந்தது. புரோகிராம் எழுதுவது என் வேலை, டூல் கட்டி அளவு சரிபார்ப்பது உம் வேலை என்று பிரித்துக்கொண்டோம். உமக்கு இங்கிலீஷ் சரளமாக வராது. ஆனால் அந்தக் கட்டளைகளை ஆட்களைப் போலப் பழகிக்கொண்டீர். "ஜி ஜீரோ ஜீரோன்னா ஓடு. ஜி ஜீரோ ஒண்ணுன்னா பைய போ. அவ்வளவுதான வே, இதுக்கா காலேஜ்?" என்றீர். நான் எழுதிய எந்தப் புரோகிராமையும் முதல் தடவை முழுதாக ஓட விட்டதே இல்லை நீர். ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டுவீர். வலது கை ஆட்காட்டி விரல் நிறுத்தும் பட்டன் மேலேயே இருக்கும். எனக்குக் கோபம் வரும். என் கணக்கில் நம்பிக்கை இல்லையா என்பேன். "உம்ம கணக்குல நம்பிக்கை உண்டு. உம்ம கண்ணாடிலதான் இல்ல" என்பீர்.

முதல் மாதமே இன்னொரு வேலையும் செய்தீர். பாராமீட்டர் என்கிறோமே, மெஷின் தன் உடம்பைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பு, எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் ஓடலாம், எவ்வளவு வேகம் தாங்கும், திருகு ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தும் என்று, ஆயிரத்துக்கு மேல் எண்கள். பாதி சாதாரண எண்கள், பாதி எட்டு எட்டாகப் பூஜ்யமும் ஒன்றும். அவ்வளவையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் திரையைப் பார்த்து ஒரு நீள நோட்டில் எழுதினீர். மெஷின்காரன் கொடுத்த அச்சுத்தாள் மின்பெட்டிக் கதவின் உள்ளே பையில் இருக்கிறதே என்றேன். "அது தாளு. கரப்பான் திங்கும். மெஷினு மறந்துட்டா நாமதான சொல்லிக் குடுக்கணும்?" என்றீர். எட்டாம் வகுப்பில் இப்படி எழுதியிருந்தால் முதல் ரேங்க் வாங்கியிருப்பீர் என்று கேலி செய்தேன். எழுதுவதை நிறுத்தவில்லை.

அடுத்த வருஷம் ஆயுதபூஜைக்கு ஒரு மாதம் முன்பு தூத்துக்குடிப் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து வால்வுத் தண்டுகளுக்கு ஆர்டர் வந்தது. முதல் தவணையைச் சரியான நாளில் கொடுத்தால் மாதாமாதம் தருவதாகச் சொன்னார்கள். பூஜை கழிந்த ஆறாம் நாள் கொடுக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் பேட்டரி எச்சரிக்கை மின்னத் தொடங்கியது. இப்போது மாதிரி சின்னப் பெட்டி இல்லை அது. டார்ச் லைட்டில் போடுகிற தடித்த பேட்டரி மூன்று. அவை இருக்கிறவரைதான் கரண்ட் இல்லாத நேரத்தில் மெஷினுக்கு ஞாபகம்.

உடனே மாற்றியிருக்கலாம். கடையில் கிடைக்கிற சாமான்தான். ஆனால் பூஜைக்கு நாலு நாள் இருந்தது. புது பெல்ட், புது எண்ணெய், புது பல்பு எல்லாம் பூஜையன்றுதானே போடுவோம்? பேட்டரியையும் அன்றே போடுவோம் என்று நான் சொன்னேன். நல்ல நாளில் புதுசு போட்டால் மெஷினுக்கும் நல்லது என்று சொன்னதாக ஞாபகம். இன்ஜினியரிங் படித்த வாயால் சொன்னேன்.

பூஜையன்று எல்லாம் முறைப்படி நடந்தது. பட்டறை கழுவி, வாழைக்கன்று கட்டி, மெயின் சுவிட்சை இறக்கி, எல்லா மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. பொட்டு வைத்த பிறகு மறுநாள் விஜயதசமி பூஜை வரை கரண்ட் ஏற்றுவதில்லை, எந்தக் கருவியையும் ஓட்டுவதில்லை என்பது பேட்டை முழுக்க வழக்கம். அப்போது நீர் பேட்டரிப் பெட்டி முன்னால் நின்றுகொண்டு தயங்கினீர்.

"வே, கரண்டு இருக்கையிலதான் மாத்தணும்னு அந்தக் கோயம்புத்தூர்க்காரன் போன்ல சொன்னானே. நீரு அம்பைக்குப் போயிருந்தீரு அன்னைக்கு."

"கரண்டு இருக்கையில எவனாவது பெட்டிக்குள்ள கைய விடுவானா? மெயின இறக்கியாச்சு, பொட்டும் வச்சாச்சு. மாத்தும்."

"ஒரு நிமிசம் ஏத்தி, மாத்திட்டு இறக்கிருவோம்."

"பூஜை போட்ட மெஷின்ல கரண்டு ஏத்தவா? நல்லாருக்கும். புஸ்தகத்த நான்தான படிச்சேன், நீரா படிச்சீரு?"

இந்தக் கடைசி வாக்கியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுதிப் பார்க்கிறேன், இன்னும் அசிங்கமாகத்தான் இருக்கிறது. புஸ்தகத்தைப் படித்தது உண்மை. பேட்டரி எங்கே இருக்கிறது என்று படம் போட்ட பக்கத்தைப் படித்தேன். அடுத்த பக்கத்தில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருந்தான். அதைப் புரட்டவில்லை.

பழைய பேட்டரி மூன்றையும் எடுத்தீர். புதியதைப் போடப் போனபோதும் நான்தான் தடுத்தேன். புதுச் சாமானுக்குத் தீபம் காட்டாமல் போடுவதா என்று மூன்றையும் தாம்பாளத்தில் வைத்தேன். சாமி முன்னால் வைத்து, பொட்டு இட்டு, தேங்காய் உடைத்து, தீபாராதனை முடிந்து, பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்குப் பொரியும் சுண்டலும் கொடுத்துவிட்டு, அரைமணி நேரம் கழித்துத்தான் எடுத்துத் தந்தேன். சந்தனம் ஈரமாக இருந்தது. நீர் துடைத்துவிட்டுப் போட்டீர். பிறகு கோயம்புத்தூர்க்காரன் சொன்னான், கையோடு மாற்றியிருந்தால்கூடத் தப்பியிருக்கலாமாம், உள்ளே சில நிமிஷங்களுக்குத் தாங்குமாம். நான் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளாயிற்றே என்று தூத்துக்குடிக் கம்பெனி அதிகாரி முதல் தண்டைப் பார்க்க வந்திருந்தார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள். கரண்ட் போட்டேன். திரை முழுக்க அலாரம். புரோகிராம் ஒன்றுகூட இல்லை. பாராமீட்டர் பக்கத்தைத் திறந்தால் வரிசையாகப் பூஜ்யம். தான் ஒரு லேத் என்பதுகூட அதற்குத் தெரியவில்லை.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, "கரண்ட் இல்லாமல் பேட்டரி மாற்றினீர்களா என்று கேட்கிறார்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அந்த அதிகாரி திரும்பிப் பார்த்து, "யார் சார் மாத்துனது?" என்றார்.

"நான்தான் மாத்துனேன்" என்றீர் நீர்.

பொய் இல்லை. உம் கைதான். நான் சொல்லித்தான் என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு மூன்று வார்த்தை போதும். வாயைத் திறந்தேன். மறுமுனையில் கோயம்புத்தூர்க்காரன் ஏதோ கேட்டான். அவனுக்குப் பதில் சொல்கிற சாக்கில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர், "லேத்துக்காரன் கையில கம்ப்யூட்டரக் குடுத்தா இப்படித்தான்" என்றார். சிரிப்பு. அன்றைக்குப் பிறந்த சிரிப்புத்தான் போன வெள்ளி வரைக்கும் ஓடுகிறது.

அதிகாரி போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இனி இந்த மெஷினை நீங்கள் மட்டும் பாருங்கள், அவரைப் பழைய லேத்துக்கே விட்டுவிடுங்கள், எங்கள் வேலையை அவர் தொட வேண்டாம் என்றார். ஆகட்டும் என்றேன். ஆர்டர் போய்விடும் என்று பயம். அதைவிடப் பெரிய பயம், படித்தவன் செய்த காரியமா இது என்று அவர் என்னைப் பார்த்துவிடுவாரே என்பது.

பிறகு நடந்ததைப் பேட்டையில் யாரும் சொல்வதில்லை. கதவுப் பையில் இருந்த அச்சுத்தாளை எடுத்தோம். டூலைக் குளிர்விக்க ஊற்றும் கூலண்ட் கசிந்து பாதிப் பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகியிருந்தது. நீர் அலமாரியிலிருந்து உம் நீள நோட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தீர். "நீரு வாசியும், நான் அடிக்கேன்." மூன்று நாள். நான் எண்ணை வாசிக்க, நீர் ஒவ்வொன்றாக விசைப்பலகையில் அடித்துத் திருப்பிச் சொல்ல, எட்டு எட்டாகப் பூஜ்யமும் ஒன்றும். மெஷின் தன் தொடக்க இடத்தையும் மறந்துவிட்டிருந்தது. அதை டயல் கேஜ் வைத்து, கையால் தள்ளித் தள்ளி, மயிரிழை அளவுக்கு நீர் கண்டுபிடித்தீர். அதற்கு எந்தப் புஸ்தகத்திலும் பக்கம் இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் முதல் ஓட்டம். வழக்கம்போல வரிவரியாக, விரல் பட்டன் மேல். பின்வாங்க வேண்டிய டூல் இரண்டு மடங்கு தூரம் ஓடியது. எல்லையில் போய் முட்டுவதற்குள் நீர் நிறுத்திவிட்டீர். நோட்டைப் பார்த்தோம். விட்டமா ஆரமா என்று சொல்கிற ஒரு இடத்தில் ஒன்று என்று எழுதியிருந்ததைப் பூஜ்யம் என்று நான் வாசித்திருக்கிறேன். மறுபடியும் நான்தான். கோபப்படுவீர் என்று பார்த்தேன். "வே, முதல்ல கண்ணாடிய மாத்தும்" என்றீர். பூஜ்யத்தை ஒன்றாகத் திருத்தினீர். மெஷின் ஓடியது. சொன்ன நாளில் தண்டுகள் போய்ச் சேர்ந்தன.

ஆனால் அதிகாரி வருகிற நாளில் எல்லாம் நீர் பழைய லேத்தில் நின்றீர். நான் சொல்லவில்லை, நீராகவே போய் நின்றுகொண்டீர். கார் சத்தம் கேட்டால் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவீர். அவர் என்னிடம் மெஷினைப் பற்றிக் கேட்பார். நீர் கட்டிய டூலையும் நீர் சரிபார்த்த அளவையும் காட்டி நான் விளக்குவேன். அந்த மெஷின் வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவர், அதன் ஒவ்வொரு எண்ணையும் கையால் எழுதியவர், பத்தடி தள்ளி ஏதாவது ஒரு புஷ்ஷைக் கடைந்துகொண்டிருப்பார். அந்த ஆர்டரை வைத்துத்தான் அடுத்த மெஷின் வாங்கினோம். அதற்கடுத்ததும்.

ஒரு தடவை எனக்கு வாய்ப்புக் கொடுத்தீர். உமக்கு ஞாபகம் இருக்கும். தொழிற்பேட்டைச் சங்கக் கட்டடத்தில் ஒரு விற்பனை இன்ஜினியர் வந்து, மெஷின் நினைவைக் கார்டில் நகல் எடுத்து வைப்பது பற்றிப் பேசினார். இங்கே யாருக்காவது நினைவு அழிந்திருக்கிறதா என்று கேட்டார். அறை முழுக்கத் திரும்பி உம்மைப் பார்த்துச் சிரித்தது. நீரும் சிரித்தீர். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தீர். அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. இப்போ சொல்லலாமே என்கிற மாதிரி ஒரு பார்வை, அவ்வளவுதான். நான் கையிலிருந்த விளம்பரத்தாளைப் புரட்டினேன். அதில் பம்புகளின் படம் இருந்தது. எனக்குப் பம்பு தேவையே இல்லை.

ஸ்கூட்டரில் திரும்பும்போது ஏதாவது கேட்பீர் என்று காத்திருந்தேன். பாலத்தைத் தாண்டியதும், "எனக்குப் பசிக்கு. உமக்கு?" என்றீர். ஜங்ஷனில் இறங்கி ஆளுக்கு நாலு புரோட்டா சாப்பிட்டோம். அதன்பிறகு நீர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் இல்லை. முதல் வாரம் ஆர்டருக்காகச் சொல்லவில்லை. முதல் வருஷம் வெட்கத்துக்காக. அதன்பிறகு இனிமேல் எதற்கு என்று. நீர் போன அன்று துஷ்டி வீட்டில், பாடையைத் தூக்குவதற்கு முன்னால், பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் அந்தக் கதையை எடுத்தார். அன்போடுதான் எடுத்தார். நல்ல மனுஷன், கம்ப்யூட்டர் மட்டும்தான் வரவில்லை என்றார். அங்கேயும் நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். துக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்து ஒருவர் என் தோளைத் தடவிக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் ரேவதியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். தாம்பாளம், தீபாராதனை, புஸ்தகம், சுவர்ப்பக்கம் திரும்பியது எல்லாம். கவனமாகக் கேட்டாள். முடிவில், "அவர விட்டுக்குடுக்க ஒங்களுக்கு மனசு வரல அண்ணாச்சி" என்றாள். இல்லம்மா, நிஜமாகவே நான்தான் என்றேன். "சரி அண்ணாச்சி" என்றாள். ஒரு நல்ல கிழவனிடம் சொல்கிற சரி அது.

சனிக்கிழமை சங்கத்துக் கூட்டம். கூட்டம் முடிந்து டீக்கடை வாசலில் ஏழெட்டுப் பேர். விஜயதசமியன்று 'லேத்துக்காரன் கையில' என்று ஆரம்பித்தவரும் இருந்தார், இப்போது அவருக்குப் பல் எல்லாம் போய்விட்டது. அவரைப் பார்த்தே சொன்னேன். நான் முடிப்பதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது. "பாருங்கவே, இதுல்லா சிநேகம்! செத்துப்போனவனுக்காகப் பழியத் தான் ஏத்துக்கிடுதாரு மனுசன்" என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். நான் சத்தம் போட்டேன். இல்லவே, நான்தான், நான்தான் என்று கத்தினேன். சத்தம் போடப் போட அவர்களுக்கு என் மேல் மதிப்புக் கூடிக்கொண்டே போனது. உமக்குச் சேர வேண்டியதைத் திருப்பிக் கொடுக்கப் போய், இன்னும் கொஞ்சம் நல்ல பெயரை நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் பாளையங்கோட்டைக்கு உம் வீட்டுக்குப் போனேன். மதினி காப்பி கொடுத்தார். குடிக்காமல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மதினிக்கு எப்படியும் தெரிந்திருக்கும், நீர் அன்றே வீட்டில் வந்து சொல்லியிருப்பீர், நான் மன்னிப்புக் கேட்டால் போதும் என்றுதான் நினைத்துப் போனேன்.

"அவுக எங்கிட்ட சொல்லவே இல்லயே அண்ணாச்சி" என்றார் மதினி. "அவுகதான் கெடுத்தாகன்னு நானும் நம்பிட்டேன். மிக்சி ரிப்பேருன்னு கழட்ட உக்காந்தா, ஒங்களுக்கெதுக்கு, மெஷினக் கெடுத்த மாதிரி இதையும் கெடுக்கவான்னு கேப்பேன். எத்தன தடவ கேட்டிருக்கேன். சிரிச்சுக்கிட்டே எந்திச்சுப் போயிருவாக."

மதினி காப்பி டம்ளரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"ஊர்ல சொல்லாட்டா போகுது. எங்கிட்டயாவது நீங்க சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி. அவுக இருக்கையில."

நான் சொன்னதை இந்த இரண்டு நாளில் நம்பியது மதினி ஒருவர்தான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, உடனே நம்பினார். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் திரும்ப வரவில்லை. எப்போதும் வாசல் வரை வந்து, பார்த்துப் போங்க அண்ணாச்சி என்பார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு நானே கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். அவர் செய்தது சரிதான்.

நீர் வெளியில் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டிலும் அதே சிரிப்போடு எழுந்து போயிருக்கிறீர் என்பது எனக்குத் தெரியாது, வே. ஊருக்குத் தெரியாமல் நம் இரண்டு பேருக்குள் ஒரு விஷயம் இருக்கிறது என்று நான் ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தேன். உமக்கு அதைச் சொல்லி ஆற ஒரு ஆள்கூட இருக்கவில்லை. இருந்த ஒரே ஆள் நான். என்னிடம் நீர் பசிக்கிறது என்றுதான் சொல்ல முடிந்தது.

இனி யாரிடம் சொன்னாலும் நம்பப்போவதில்லை. நம்பிய மதினிக்கும் அது பிரயோஜனப்படாமல் போயிற்று. இருந்தாலும் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன். பட்டறையில் புதிதாக வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்வேன். பாவம் கிழவன், சிநேகிதனை மறக்க முடியவில்லை என்று தலையாட்டுவார்கள். தலையாட்டட்டும். உம்மை மறக்க முடியவில்லை என்பதும் உண்மைதான். அது மட்டுமே உண்மை என்று அவர்கள் நினைத்துக்கொண்டால், நான் அங்கே நின்று அதையும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.